எட்டாவது மாடியில் ஒரு டீ



போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மன்னார்புரம் பக்கம் ஓர் ஓட்டலின் மொட்டைமாடி உணவகத்துக்குப் போயிருந்தேன். எட்டாவது மாடி. இதை உயரம் என்று சொன்னால் சென்னைத் தோழர்கள் சிரிப்பீர்கள். எங்கள் ஊரில் உயரம் என்றால் மலைக்கோட்டை, இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அதனால் எட்டு மாடியே எங்களுக்கு வானத்தைத் தொடும் கட்டிடம்தான்.

நானாகப் போகவில்லை. எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்த ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்து, முதல் சம்பளமும் வந்திருந்தது. “அக்கா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ட்ரீட். நீங்க வந்தாத்தான் அம்மா வரும்” என்றாள். அவள் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பல வருடமாக இதே பகுதியில் தெரு கூட்டுகிறார்.

எனக்குத் தயக்கம் இருந்தது. அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் மையத்துக்கு ஒரு மாத நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. இயக்கத்தில் இருக்கும் பலருக்கும் இந்தக் கணக்கு வரும். பிறகு யோசித்தேன். நம்மில் ஒருத்தி நல்ல இடத்தில் உட்கார்ந்து நல்ல சாப்பாடு சாப்பிட்டால் மட்டும் ஏன் இந்தக் கணக்கு நோட்டைத் திறக்கிறோம்? மற்றவர்கள் சாப்பிடும்போது யாராவது திறக்கிறார்களா?

வாசலில் நின்ற காவலாளிக்கு அம்மாவைத் தெரியும். விடியற்காலையில் இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். “என்னக்கா, இன்னிக்கு மேலயா?” என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். அம்மாவுக்கு வெட்கம். லிப்டில் ஏறியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போனதும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். தடுப்புக் கண்ணாடி ஓரமாக நின்று ஊரைப் பார்த்தோம். ஒரு பக்கம் ஜங்ஷன் தண்டவாளங்கள், இன்னொரு பக்கம் மேம்பாலத்தில் ஊர்ந்துபோகும் விளக்குகள், தூரத்தில் மலைக்கோட்டை. மகள் செல்பி எடுத்தாள். அம்மா மலைக்கோட்டையைப் பார்க்கவே இல்லை. கீழே விரலை நீட்டினார்.

“டீச்சர், அதோ அந்த மரம் தெரியுதுல்ல, அங்கேர்ந்து அந்த வளைவு வரைக்கும் நம்ம பீட்டு. அந்த மூலையில குப்பைத்தொட்டி எப்பவும் வழிஞ்சு கெடக்கும். இங்கேர்ந்து பார்த்தா எம்புட்டுச் சுத்தமா இருக்கு!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். இந்த ஊரின் சாதி வரைபடத்தை இத்தனை சுருக்கமாக எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே விளக்குதான். எது அக்ரஹாரம், எது சேரி என்று தெரியாது. மேலப்புதூர் பக்கம் இறந்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்கச் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டம் உண்டு. அதை எதிர்த்துப் போராட்டமும் நடந்திருக்கிறது. அந்தச் சுவரும் இங்கிருந்து தெரியாது.

மெனு அட்டை வந்தது. மகள் ஏதோ நீல நிறத்தில் ஒரு மாக்டெயில் சொன்னாள். நான் லைம் சோடா. அம்மா அட்டையின் வலது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார். “எனக்கு ஒரு டீ போதும்” என்றார். பிறகு மகள் வற்புறுத்தி பிரியாணியும் மீனும் வரவழைத்தாள். பக்கத்து மேசையில் நான்கு பேர் விஸ்கியோடு உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே சரக்கைக் காலனிக்காரர் டாஸ்மாக் வாசலில் குடித்தால் அவர் குடிகாரர், குடும்பம் உருப்படாது, சாதிப் புத்தி. எட்டாவது மாடியில் குடித்தால் வார இறுதி.

சாப்பிட்டு முடித்ததும் டீ வந்தது. வெள்ளைக் கோப்பை, அடியில் தட்டு. அம்மா நிதானமாகக் குடித்தார். குடித்து முடித்ததும் கோப்பையையும் தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, சுற்றும் முற்றும் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குழாயைத் தேடினார்.

அவர் பிறந்தது கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவர் அப்பாவுக்கு டீக்கடையில் கொட்டாங்குச்சி. அவர் காலத்தில் தனி கிளாஸ். குடித்தவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. பரிமாறிய தம்பி ஓடி வந்து, “வைங்கம்மா, நான் எடுத்துக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார். அம்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தோழர்களே, அந்தக் கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போகும் உரிமை ஓட்டல்காரர் தயவில் வந்ததல்ல. 1927-இல் மகாடில் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடக்க வேண்டியிருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இருந்த ஊர் இது. அந்த ரயில்வேயின் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்துக்குள் விடாததோடு அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தராமல் மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. டம்ளர் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். சட்டம் எழுதியவர்களுக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. பில் வந்தபோது கூடவே கருத்துப் படிவம் ஒன்றும் வந்தது. பெயர், கைபேசி எண், ஏரியா. அவள் ‘மன்னார்புரம்’ என்று எழுதினாள். அவர்கள் வீடு மன்னார்புரத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, பெயரைச் சொன்னாலே இந்த ஊர்க்காரர்கள் சாதியைத் தெரிந்துகொள்ளும் ஒரு காலனியில். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“ஆபீஸ்லயும் அப்படித்தான்க்கா சொல்றேன். ‘எந்த ஏரியா’ன்னு கேப்பாங்க. மன்னார்புரம்னு சொன்னா, ‘மன்னார்புரத்துல எங்க’ன்னு அடுத்த கேள்வி வரும். மேம்பாலத்துக்குப் பக்கத்துலன்னு சொல்லிடுவேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சமாளிக்கலாம்னு பார்க்கறேன்.”

அவளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதுகலை விடுதியில் நானும் இரண்டு வருடம் என் தெருப் பெயரை மாற்றித்தான் சொன்னேன். சாதியை ஆராயும் பாடத்தைப் படித்துக்கொண்டே அதைச் செய்தேன். மறைப்பவளைக் கோழை என்று சொல்வது எளிது. மறைக்கவைக்கும் கேள்வியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த எட்டாவது மாடியில் எங்களை உட்காரவைத்தவை இரண்டு. ஒன்று, அவள் கையில் இருந்த காசு. இன்னொன்று, நாங்கள் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாதது. இரண்டும் நல்லவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது சாதி நம்மைக் கவனிக்காமல் விட்ட ஒரு சாயங்காலம், அவ்வளவுதான். அதைச் சாதி ஒழிந்த நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி சாகாது என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார். பெயரும் தெருவும் தெரிந்த பிறகும் அதே நாற்காலி, அதே கோப்பை, அதே ‘வைங்கம்மா’ கிடைக்கிறதா என்பதுதான் சோதனை.

இன்னொரு சோதனை கட்டிடத்தின் பின்பக்கம் இருக்கிறது. மேலே நாங்கள் கை கழுவிய தண்ணீர் கீழே ஒரு தொட்டிக்குத்தான் போகிறது. அதில் அடைப்பு எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தால் 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆகவே தோழர்களே, போங்கள். முதல் சம்பளத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிடித்ததைச் சாப்பிடுங்கள், போட்டோ எடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். இறங்கி வரும்போது பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்பவருக்குக் கையுறை இருக்கிறதா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள்.

லிப்டில் இறங்கும்போது அம்மா மகளிடம் கேட்டார்: “அந்த டீ எவ்வளவு பாப்பா?” அவள் சொல்லவில்லை. “நல்லா இருந்துச்சாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“டீ சுமார்தான். ஆனா கோப்பையை அந்தத் தம்பி கையிலேர்ந்து வாங்கிட்டுப் போனான் பாரு...” என்று நிறுத்தினார். பிறகு, “நாளைக்கு ஞாயித்துக்கெழம, சீக்கிரம் போவணும். சனிக்கெழம ராத்திரிக் குப்பை ஜாஸ்தியா இருக்கும்” என்றார்.

ஜெய்பீம்.