காகிதத்தில் ஒரு வயசு கூடுதல்

ஒரு சின்னக் கணக்கு. 44-ம் 41-ம் எவ்வளவு? 85. ஒண்ணாம் கிளாஸ் கணக்குதான். ஆனா 2024-ல் இந்தக் கணக்கு எங்க வீட்டில் ஒருத்தரையும் தூங்க விடலை. சொந்தக் கதைதான், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

என் சித்தியும் சித்தப்பாவும் இருப்பது அமெரிக்காவில். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியமில்லை, போகாத கோயிலில்லை. கடைசியில் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

"இதுக்கு எதுக்குடி டெல்லி வரைக்கும் மனு? சொந்தத்துல ஒரு பிள்ளையைக் கூட்டிக்க வேண்டியதுதானே?" என்றார் அம்மாச்சி. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. எங்க புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் 'பிள்ளை கூட்டுவது' தலைமுறை தலைமுறையாக நடப்பது. அவ்வளவு ஏன், 1886-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமானே, முந்தைய ராஜா ராமச்சந்திர தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா சுவீகாரம் எடுத்த பிள்ளை.

ஆனா சித்தி ஒத்துக்கலை. "பெத்தவ முகத்தை ஒவ்வொரு லீவுக்கும் பாத்துக்கிட்டு என்னால அந்தப் பிள்ளையை வளக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நேராக வந்து ஒரு காப்பகத்தில் குழந்தை கேட்க முடியாது. சித்தி மாதிரி அமெரிக்காவில் இருப்பவர்கள் அங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போகணும். ஏஜென்சி ஆள் வீட்டுக்கு வந்து சம்பளம், உடல்நலம், போலீஸ் ரெக்கார்டு எல்லாம் பார்ப்பார். புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டால் எப்படி சமாதானமாவீங்க என்பது வரை கேட்டு அறிக்கை எழுதுவார். அமெரிக்க அரசுக்கு ஐ-800ஏ என்று ஒரு படிவம். இதோடு டெல்லியில் இருக்கும் 'காரா' என்கிற மத்திய ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு.

அங்கேதான் நம்ம 85 வருது. இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தை வேணும்னா, பதிவு செய்யும் தேதியில் கணவன் மனைவி வயசைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. ஜூன் 5 வந்தால் சித்தப்பாவுக்கு 45. கணக்கு 86.

சித்தப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு அலுவலகத்துக்கு அலையோ அலை என்று அலைந்தேன். முதல் நாள், சார் மீட்டிங்கில். இரண்டாம் நாள் சர்வர் டவுன். மூன்றாம் நாள், பழைய ரிஜிஸ்தர் இருக்கும் பீரோ சாவி லீவில் போனவரிடம். (சிரிக்காதீங்க, நிஜம்.) ஐந்தாவது தடவை கையில் கிடைத்தது. பார்த்தால் பகீர் என்றது. பிறந்த தேதி 1980 ஏப்ரல். பாஸ்போர்ட்டிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் 1979 ஜூன் 5!

அறந்தாங்கி பஸ் பிடித்து சித்தப்பாவின் அப்பாவைப் போய்க் கேட்டேன். "பய வீட்டுல அடங்கல. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி ஒரு வயசு கூட்டிப் போட்டு ஒண்ணாப்புல தள்ளிட்டேன். அது இப்படி வந்து நிக்கும்னு யாரு கண்டா?" என்றார். அப்புறம் அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ரெண்டு தேதியும் ஒரே ஆளுக்குத்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் அபிடவிட், நோட்டரி, அப்போஸ்டில் முத்திரை. ஏஜென்சி பாஸ்போர்ட் தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. மே கடைசி வாரத்தில் பதிவு முடிந்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் கைக்குழந்தை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்குச் செம கோபம். ஒரு குழந்தைக்கு வீடு கொடுக்க வர்றவங்களை இப்படியா அலைய விடுவது? அந்தக் கோபத்தில்தான் இந்தச் சட்டமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகள் பற்றி ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. 1984-ல் வந்த லட்சுமிகாந்த் பாண்டே தீர்ப்புதான் இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படை. இன்றைக்குக் குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு. வெளிநாடு போன குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷம் அறிக்கை அனுப்பணும்.

அப்புறம் 2005. சென்னையில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைத் திருடி ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்ற கும்பல் பிடிபட்டது. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரை குழந்தைகள் போயிருந்தார்கள். என்னை உலுக்கியது என்ன தெரியுமா? அந்தக் குழந்தைகளுக்கும் காகிதம் இருந்தது. பெற்ற தாய் மனமுவந்து கொடுத்ததாகவே எழுதியிருந்தது. நிஜத் தாய் இங்கே தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

எங்க தாத்தா விளையாட்டாகச் சொன்ன ஒரு வயசே நாற்பது வருஷமாக உண்மையாகிவிட்டது என்றால், வேணும்னே எழுதும் பொய் எவ்வளவு தூரம் போகும்!

அதனால் இப்போ என் கோபம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. 'இந்தக் குழந்தை யாருடையது, நிஜமாகவே இதற்கு யாரும் இல்லையா' என்று விசாரிப்பதால் வரும் தாமதம் ஒண்ணு. அது எத்தனை மாசமானாலும் ஆகட்டும். பீரோ சாவி இல்லாததால் வரும் தாமதம் இன்னொண்ணு. அது யாரையும் காப்பாத்தறதில்லை. 2024-25-ல் காரா வழியாக நடந்த தத்தெடுப்புகள் மொத்தம் 4,515. அதில் 4,155 உள்நாட்டில். காத்திருக்கும் பெற்றோர் பல்லாயிரம் பேர். இன்னொரு பக்கம், குழந்தைகள் நலக் குழு விசாரித்து 'தத்துக்குக் கொடுக்கலாம்' என்று அறிவிக்கும் வரை காப்பகத்தில் இருக்கும் குழந்தையும் காத்திருக்குது. அதுக்கும் வயசு ஏறுது.

சித்திக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அம்மாச்சி பழைய நூல் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார், ஏணை கட்ட. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் அந்தக் குழந்தையின் ஃபைலும் இருக்கலாம். அதை நல்லா விசாரிச்சே அனுப்பட்டும். சாவி வைத்திருப்பவர் மட்டும் லீவில் போகாமல் இருக்கணும்.