கரையேறிய வதந்தி

போர்க்காலத்தில் படையினும் விரைந்து நடப்பது வதந்தி. பகைவன் கரையேறும் முன்பே அவனைப் பற்றிய பேச்சு ஊருக்குள் புகுந்துவிடும். வதந்தி என்றால் முழுப்பொய் என்றே நாம் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் நடந்தவற்றை எண்ணும்போது, அஃது அத்துணை எளிதன்று எனத் தோன்றுகிறது.

1943ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, நேசநாட்டு வீரர் அறுவர் மூன்று மடக்குப் படகுகளில் துறைமுகத்துள் நுழைந்து, கப்பல்களின் அடியில் காந்த வெடிகளைப் பொருத்தினர். ஏழு கப்பல்கள் மூழ்கியும் சிதைந்தும் போயின. அவர்களை ஆஸ்திரேலியாவிலிருந்து சுமந்து வந்த சிறு மரக்கலத்தின் பெயர் 'கிரைட்', தமிழில் கட்டுவிரியன். பெயருக்கேற்ப ஓசையின்றித் தீண்டிவிட்டு ஓசையின்றி மீண்டது. அவ்வழியை மறுபடியும் பயன்படுத்த எண்ணியிருந்தமையால் நேசநாடுகளும் வாய் திறக்கவில்லை.

அத்துணைத் தொலைவிலிருந்து பகைவர் வந்திருக்கக்கூடும் என்று ஜப்பானியர் கருதவில்லை. உள்ளூரில் ஒளிந்திருப்போரும் சாங்கிச் சிறையில் இருந்த ஐரோப்பியரும் சேர்ந்து செய்த சதியே அஃது என முடிவு கட்டினர். அக்டோபர் 10ஆம் நாள் கெம்பெய்த்தாய் என்னும் இராணுவப் போலீஸ் வேட்டையைத் தொடங்கியது. 57 பேர் வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்திய எலிசபெத் சோய் என்னும் பெண்மணி ஏறத்தாழ 200 நாள் சிறைப்பட்டு, மின்னதிர்ச்சிக்கும் ஆளானார். தாம் அறியாத ஒன்றை ஒப்புக்கொள்ளுமாறு அவர்கள் துன்புறுத்தப்பட்டனர்.

இருபத்தோர் ஆண்டு கழித்து, இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த காலத்தில், பகைவர் மெய்யாகவே ஜொகூரில் இறங்கினர். 1964 ஆகஸ்டு 17இல் பொந்தியான் கடற்கரையிலும், செப்டம்பர் 2இல் வான்குடை வழியாக லாபிஸ் பகுதியிலும் வந்தனர். அப்போது நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன். செய்தி மெய், ஆனால் அதன் வாலைப் பற்றிக்கொண்டு நூறு கதைகள் வந்தன. ஒவ்வொரு தோட்டத்தாரும் தம் இரப்பர்க் காட்டிலேயே வான்குடை விழுந்ததாகச் சாதித்தனர்.

ஒருநாள் மாலை, லயத்துப் பக்கம் வந்து தண்ணீர் கேட்ட அயலான் ஒருவனை எங்கள் இளைஞர்கள் பிடித்துத் தூணில் கட்டினர். அவன் பேசிய மலாய் சற்று வேறாக ஒலித்ததே அவன் குற்றம். என் தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்று, "முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்" என்றார். கேட்டார்கள். அவன் அடுத்த கம்பத்தில் இருபதாண்டு வாழ்ந்த ஜாவாக்காரன். கிராணியார் ஆள் அனுப்பி விசாரித்த பின் கட்டு அவிழ்ந்தது. அவன் எவரையும் ஏசவில்லை. குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதே செப்டம்பரில், ஜொகூர் பாருவில் பிறந்தவரும் அந்நாளைய உள்துறை அமைச்சருமான டாக்டர் இஸ்மாயில், ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் நம் நாட்டின் வழக்கை எடுத்துரைத்தார். கைப்பற்றிய ஆயுதங்களையே அங்குச் சான்றாகக் காட்டினார். வதைத்துப் பெறும் வாக்குமூலம் எங்கே, கண்முன் வைக்கும் சான்று எங்கே!

இரண்டு காலத்திலும் பகைவன் வந்தது உண்மையே. 'பகைவன் வந்தான்' என்பதிலிருந்து 'இவனே அவன்' என்பதற்கு மனம் தாவியதே கேடாயிற்று. தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை நாம் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கிறோம். கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வரும் இந்நாளில், அதனைப் பழக்கமாகவும் ஆக்க வேண்டும். யார் கண்டார்? எங்கே கண்டார்? எவ்வாறு அறிந்தார்? ஓர் அயலானின் கட்டை அவிழ்க்க இம்மூன்று கேள்விகள் போதும்.