கீழே ஒருவர் தண்ணீர் மொள்கிறார்



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் எங்காவது கூட்டிப்போகச் சொல்லி அடம் பிடிப்பார்கள். ஜொகூர், மலாக்கா பக்கம் இருப்போருக்கு லேடாங் மலையைவிட நல்ல இடம் ஏது? தங்காக்கிலிருந்து சிகாமட் போகும் சாலையில் சாகிலில் இறங்கினால் 1,276 மீட்டர் உயர மலை எதிரே நிற்கும். அடிவாரத்திலேயே அருவி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களையும் பெற்றோர் சிலரையும் அழைத்துப் போய் அங்கே ஓரிரவு கூடாரமடித்தேன். சாப்பாடு முடிந்ததும், “சட்டி பானையை ஆற்றிலேயே கழுவுங்கள், ஓடுகிற தண்ணீர்தானே” என்றேன். சவர்க்கார நுரையும் சோற்றுப் பருக்கையும் மிதந்து போயின.

சற்று நேரத்தில் ஒரு மலாய் மாது கீழேயிருந்து ஏறி வந்தார். கையில் கெண்டி. “அபாங், என் குழந்தைக்குப் பால் கரைக்க அங்கே தண்ணீர் மொள்கிறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் லயத்தில் வளர்ந்தவன். மேல் வீட்டுக்காரர் கால்வாயில் எதையாவது கொட்டினால் கீழ் வீட்டில் சண்டை கிளம்பும். அந்தப் பாடத்தைக் காட்டில் மறந்துவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடிப்பதை நீங்களும் கேளுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தேவை. மூடியுள்ள டின்களில் வீட்டிலிருந்தே கொண்டு போவது நலம். ஆற்று நீர்தான் என்றால், குளிப்பவர்களுக்கு மேலே போய் மொள்ளுங்கள். கலங்கலாயிருந்தால் படிகாரம் தெளிய வைக்கும். ஆனால் கிருமியைக் கொல்லாது. துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கலாம். 2010-ஆம் ஆண்டு பகாங், மாரான் அருகே லூபோக் யூவில் ஒருவரைத் தேடி நீரில் இறங்கியவர்களில் பலர் இந்தக் கிருமியாலும், மண்ணிலும் நீரிலும் வாழும் இன்னொரு கிருமியாலும் நோயுற்றனர். சிலர் உயிரிழந்தனர். காலில் புண் உள்ள பிள்ளையை ஆற்றில் இறக்காதீர்கள்.

கழுவும் வேலை வாளியில்தான். ஆற்றைவிட்டு 60 மீட்டர், பெரியவர் நடையில் சுமார் 80 எட்டு, தள்ளிப் போங்கள். பருக்கைகளை வடிகட்டிப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டு வாருங்கள். மிஞ்சிய நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மண்ணில் பரவலாக வீசுங்கள். மண் அதை வடிகட்டிக்கொள்ளும். கழிவறை இல்லாத இடத்தில் அதே தூரத்தில் ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, பிறகு மூடிவிடுங்கள்.

போன ஆண்டு மறுபடியும் போனோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, யாரும் சொல்லாமலே, வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள்.

“கை வலிக்கவில்லையா அம்மா?” என்றேன்.

“கீழே பாப்பா யாராவது இருக்கலாம் சார்” என்றாள்.

அடுத்த விடுமுறைக்கு நீங்கள் போகும்போது, சட்டி பானையோடு ஒரு வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.