கடைசியில் திறந்தது முதலில் மூடட்டும்!

இந்த மலரில் கவிதை எழுதும் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலா, நட்பு, காதல் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் எனக்குப் பிடித்துப்போன ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எங்க அப்பாவுக்கே இது புரிந்தது. உங்களுக்குப் புரியாதா என்ன?

முதலில் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க டேக்குகள்தான். ஒரு டேக் திறக்கும், ஒரு டேக் மூடும். மூடும் டேக்கில் ஒரு சாய்கோடு இருக்கும். டேக்கின் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். தமிழிலேயே வைக்கலாம்! இதைப் பாருங்கள்:

<வீடு><அறை><மேசை></மேசை></அறை></வீடு>

வீட்டுக்குள் அறை, அறைக்குள் மேசை. எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறது. இப்போது இது:

<வீடு><அறை></வீடு></அறை>

இது செல்லாது. உள்ளே அறை திறந்து கிடக்கும்போதே வீட்டை மூடியாச்சு! நம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. ஆயிரம் டேக் இருந்தால்? கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எண்ணிப் பார்ப்பதுதான். இரண்டு திறப்பு, இரண்டு மூடல், கணக்கு டேலி! ஆனால் மேலே உள்ள தப்பான வரியிலும் கணக்கு டேலி ஆகிறதே! ஆக, எத்தனை என்பது மட்டும் கேள்வி இல்லை. எது எதற்குள்ளே, எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ஸ்டாக்.

ஸ்டாக் என்றால் அடுக்கு. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். வைப்பதற்குப் 'புஷ்', எடுப்பதற்குப் 'பாப்'. 1957-லேயே ஜெர்மனியில் பவர், சாமெல்சன் என்ற இருவர் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஆனால் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பாதி எங்க மேடம், பாதி எங்க அப்பா.

எங்க அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். நான் பத்தாவது முடித்ததும், "திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பு மாப்ள, மாசமானா சம்பளம் வரும்" என்றார் மாமா. அப்பாதான் ஒரே பிடியாக நின்று என்னை இங்கே சேர்த்தார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், "அங்க என்னடா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்பார். "கம்ப்யூட்டர்ப்பா" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை வராது. எல்லாப் பெயரும் இங்கிலீஷ். அவரும், "சரி, நல்லாப் படி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். படிக்கப் படிக்க நான் அப்பாவைவிட்டுத் தூரமாகப் போகிறேனோ என்று அப்போதெல்லாம் மனசு கனக்கும்.

போன பொங்கல் விடுமுறையில் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது நான் திருப்பிக் கேட்டேன்.

"ஏம்ப்பா, கேரளா லாரிக்கு பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் மூணு ஊருக்கும் லோடு இருந்தா, எதை முதல்ல ஏத்துவீங்க?"

"இது என்னடா கேள்வி? எர்ணாகுளம் சரக்கு முதல்ல ஏறணும், அது உள்ளே. பாலக்காடு கடைசி, அது கதவுகிட்ட. முதல்ல வர்ற ஊரு பாலக்காடுல்ல!"

"நடுவுல மாறி ஏறிட்டா?"

"போச்சு! திருச்சூர் மூட்டையை எடுக்க மத்த மூட்டையெல்லாம் ரோட்டுல இறக்கணும்."

"இதுதாம்ப்பா நான் படிக்கிறது" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "இதை நான் இருபது வருஷமா பண்றேனேடா!" என்று சிரித்தார். நண்பர்களே, செமஸ்டர் மார்க் எதுவும் எனக்கு அந்தச் சிரிப்பைத் தந்ததில்லை.

சரி, டேக்குக்கு வருவோம். கோப்பை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். திறக்கும் டேக் வந்தால் அதன் பெயரைப் புஷ் பண்ணு. மூடும் டேக் வந்தால் அடுக்கின் உச்சியில் இருக்கும் பெயரைப் பார். ஒரே பெயராக இருந்தால் பாப் பண்ணு. அவ்வளவுதான்! மேலே உள்ள தப்பான வரியில் வீடு, அறை இரண்டும் அடுக்கில் ஏறும். அடுத்து வருவது வீட்டை மூடும் டேக். ஆனால் உச்சியில் இருப்பது அறை. அங்கேயே பிடிபட்டது திருட்டு!

தப்பு மூன்று வகையில் வரும். ஒன்று, இப்போது பார்த்தது போல உச்சியில் வேறு பெயர் இருப்பது. இரண்டு, மூடும் டேக் வரும்போது அடுக்கே காலியாக இருப்பது, அதாவது திறக்காத கதவை மூடுவது. மூன்று, கோப்பு முடிந்த பிறகும் அடுக்கில் ஏதாவது மிச்சம் இருப்பது. லேபில் புரோகிராம் எழுதும் ஜூனியர்களே, இந்த மூன்றாவதைக் கட்டாயம் சோதியுங்கள்! கடைசி வரியில் அடுக்கு காலியா என்று பார்க்காத புரோகிராம், மூடாத டேக்கையும் 'சரி' என்று பாஸ் போட்டுவிடும்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. <கோடு/> என்று தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் டேக்கைப் புஷ் பண்ணத் தேவையில்லை. சிடேட்டா என்ற பகுதிக்குள் டேக் மாதிரி எது இருந்தாலும் அது வெறும் எழுத்துதான், தொடக் கூடாது. கோப்பு முழுவதையும் ஒரே ஒரு டேக் சுற்றி நிற்க வேண்டும். நடுவில் அடுக்கு காலியான பிறகு புதிதாக இன்னொரு டேக் திறந்தால் அதுவும் தப்பு. இங்கிலீஷில் பெயர் வைத்தால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயர். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. ஆயிரம் டேக் இருந்தாலும், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஆழம்தான் போகிறது என்றால் அடுக்கில் மூன்று இடம் போதும். மூடியதைச் சுமக்க வேண்டியதில்லை, திறந்து கிடப்பதை நினைவில் வைத்தால் போதும்.

1998-ல் வந்த எக்ஸ்எம்எல் ரொம்பக் கண்டிப்பான வாத்தியார். ஒரு டேக் மாறினாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஹெச்டிஎம்எல் அப்படி இல்லை. தப்பாக எழுதினாலும் பிரவுசர் சரிசெய்து காட்டிவிடும். எப்படிச் சரிசெய்வது என்று 2014-ல் வந்த ஹெச்டிஎம்எல்5 விதிகளில் படிப்படியாக எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது ஒரு ஸ்டாக்தான்!

நம் படிப்பும் கண்டிப்பான வாத்தியார் வகைதான் நண்பர்களே. <டிப்ளமோ> என்று திறந்துவிட்டோம். உள்ளே <மூன்றாம்பருவம்>, அதற்குள் <கணிதம்>. கணிதம் அரியராகத் திறந்து கிடக்கும்போது வெளியே இருக்கும் டிப்ளமோவை எவனாலும் மூட முடியாது. உள்ளே இருப்பதை முதலில் மூடுங்கள்!

கடைசியாக ஒன்று. என்னைப் போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்த வாரம் ஊருக்குப் போனால், படித்ததில் ஏதாவது ஒன்றை அப்பாவிடமோ அம்மாவிடமோ அவர்கள் வேலையை வைத்தே சொல்லிப் பாருங்கள். போன மாதம் நான் 'கியூ' பற்றி ஆரம்பித்ததுமே, "ரேஷன் கடைதானே?" என்று முடித்துவிட்டார் எங்க அப்பா!