நீங்களாகப் பேசாததற்கு நன்றி

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

உங்கள் பெயரை எழுதாமல் விடுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கு, என்ன நோய் என்பதையும் எழுதப்போவதில்லை. நீங்கள் கட்டிக்காத்ததை நன்றி சொல்கிற சாக்கில் நானே போட்டு உடைக்கலாமா?

கொல்லிமலையில் ஒரு ரகசியம் தங்குவது லேசில்லை. ஊருக்குள் எல்லாரும் மாமன் மச்சான், இல்லாவிட்டால் பங்காளி. செம்மேட்டில் மருந்துச் சீட்டோடு நின்றால் பொழுது சாய்வதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பயந்தே வியாதியை முற்றவிட்டவர்கள் உண்டு. கீழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அன்று காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதன்பின் ஐந்து மாதம் மருந்தே வாங்கவில்லை.

பிறகுதான் உங்களிடம் வந்தோம். கூடவந்த சின்னம்மாவை, "கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். மேசையில் விரிந்துகிடந்த பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினீர்கள். அதிலிருந்த மற்றவர்கள் பெயர் எங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. எங்கள் பெயரும் அப்படித்தான் மூடியிருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கிளம்பும்போது சொன்னீர்களே: "பஸ்ல, சந்தையில பார்த்தா நானா பேச மாட்டேன். தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினா பேசுவேன்." பயிற்சியில் கற்றுக்கொண்டது என்றீர்கள்.

அதைக் கற்றுக்கொடுத்தவருக்கும் என் நன்றி போய்ச் சேரட்டும். நோயாளியின் ரகசியம் காக்க விதிகள் இல்லாமல் இல்லை. மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் நெறிமுறைகள் இருக்கின்றன. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதையே சொல்கின்றன. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால், வெளியே போன பேச்சை எந்தத் தண்டனை திரும்ப அழைத்துவரும்? அது போகாமல் தடுத்தது பதிவேட்டின்மேல் இருந்த உங்கள் கை. சீட்டு எழுதுகிறவர், வார்டு கூட்டுகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். அவர்கள் காதிலும்தான் எங்கள் கதை விழுகிறது.

மருந்து இப்போது ஒரு நாளும் தவறுவதில்லை. உடம்பு தேறிவிட்டது.

போன மாதம் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழக் குவியல் பக்கம் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்தும் விலை கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டீர்கள். அடுத்த தடவை நானாகவே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
மலையிலிருந்து ஒருத்தி