அம்மாவோட கழனி வீட்டுக்கு மாசக் காசு இல்லாத டிவி

தம்பி பையன் டல்லாஸ்ல இருக்கான். அவன் வீட்டு ஜன்னல் கண்ணாடியில கறுப்பா ஒரு தட்டை ஒட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை டிவிக்குக் கொடுத்திருக்கான். கேபிள் கிடையாது, குடை கிடையாது, மாசம் பைசா கிடையாது, 40 சேனலுக்கு மேல கண்ணாடி மாதிரி வருதாம். போட்டோ அனுப்பிச்சுட்டு போன்ல சொன்னான்: "பெரியப்பா, ஆயாவுக்கு இதுல ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. ஆன்லைன்லயே கிடைக்குது."

கிடைக்கத்தான் செய்யுது. நம்ம ஊர்லயும் 'டிஜிட்டல் ஆன்டெனா'ன்னு போட்டு 500 ரூபாய்ல இருந்து விக்கிறாங்க. ஆனா அது செஞ்சியில ஒரு சேனல்கூடப் பிடிக்காது. ஏன்னு அவனுக்குச் சொல்லப்போயி, எனக்கே பல விஷயம் சரியா விளங்கிச்சு. நம்ம பக்கம் கழனியில தனியா வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர். அவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன்.

அமெரிக்காவுல தனியார் சேனல்காரங்களே கோபுரம் நட்டு ஒளிபரப்புறாங்க. 2009 ஜூன்ல பழைய அனலாக்கை நிறுத்திட்டு எல்லாத்தையும் டிஜிட்டலா மாத்திட்டாங்க. கோபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிறவன் ஜன்னல்ல தட்டை ஒட்டினா போதும். நம்ம நாட்டுல தரைக் கோபுரத்திலிருந்து டிவி ஒளிபரப்ப தூர்தர்ஷனைத் தவிர வேற யாருக்கும் அனுமதி இல்லை. அந்த தூர்தர்ஷனும் பழைய அனலாக் கோபுரங்களைக் கொஞ்சம் கொஞ்சமா மூடி, இப்ப அநேகமா எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. 2016ல சென்னை மாதிரி சில பெரிய ஊர்கள்ல மட்டும் டிவிபி-டி2ன்னு டிஜிட்டல் கோபுர ஒளிபரப்பு ஆரம்பிச்சாங்க. நமக்கும் சென்னைக்கும் 150 கிலோமீட்டர். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டுல போறது. 100 மீட்டர் கோபுரமும் நம்ம வீட்டு மேல 10 மீட்டர் கம்பமும் ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்னா, பூமியோட வளைவுல சுமார் 54 கிலோமீட்டர்தான் எட்டும். எங்க ஊர் கோட்டைக்கு மேற்கே இருக்கு. அதனால நடுவுல ராஜகிரி வேற நிக்குது. 800 அடி பாறை. தேசிங்கு ராஜாவுக்குக் காவல் நின்ன மலை டிவி அலைக்கும் காவல் நிக்குது!

பழைய ஆன்டெனா காலம் பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சாலும், எங்க ஊருக்குள்ள டிவி வந்தது பல வருஷம் கழிச்சுத்தான். மீன் முள்ளு மாதிரி அலுமினிய ஆன்டெனா, அதுக்கு ஒரு பூஸ்டர், பட்டை ஒயர். (அந்த மீன் முள்ளைக் கண்டுபிடிச்சது உடா, யாகின்னு ரெண்டு ஜப்பான்காரங்க, 1926ல.) ஒருத்தன் ஓட்டு மேல ஏறி கம்பத்தைத் திருப்புவான், ஒருத்தன் வாசல்ல நிப்பான், உள்ள இருந்து "வருது, வருது... ஐயோ போச்சு"ன்னு சத்தம் வரும். ராமாயணமும் மகாபாரதமும் அப்படிப் புள்ளிப் புள்ளியாத்தான் பாத்தோம். இந்தியில ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது. கதை தெரியும், அது போதுமா இருந்தது.

சரி, அம்மா விஷயத்துக்கு வரேன்.

அப்பா போன பிறகும் அம்மா கழனி வீட்டை விட்டு வரலை. 78 வயசு. ரெண்டு மாடு, நாலு கோழி, மோட்டார் கொட்டா, அதுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டு வீடு. ஊருக்கு வாங்கன்னு நானும் தம்பியும் கூப்பிடாத நாள் இல்லை. "மாட்டை யாருடா பாக்கறது?"ன்னு ஒரே பதில். பகல்ல ஆளு அம்பு இருக்கும், நாங்களும் நாலு நடை போவோம். பொழுது சாஞ்சா அங்க தவளைச் சத்தம்தான். ஒருநாள் அவங்களே சொன்னாங்க: "ராவுல ஒரு மனுசக் குரல் கேட்டாப் போதும்டா, தூக்கம் வந்துடும்." அந்த வீட்டுக்கு டிவின்னா, நமக்கு இருக்கிற மாதிரி பொழுதுபோக்கு இல்லை. அது இருந்தா அம்மா அங்க இருப்பாங்க. இல்லன்னா எங்களுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

கேபிள் ஊரோட கடைசி கம்பத்தோட நின்னுபோச்சு. அங்கிருந்து ஒயர் இழுக்கணும்னா ஆகிற செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டாச்சு. தனியார் குடை ஒண்ணு போட்டோம், நல்லாத்தான் ஓடிச்சு. ஒரு அறுப்பு சமயம், ரீசார்ஜ் தீர்ந்து படம் நின்னுபோச்சு. அம்மா யார்கிட்டயும் சொல்லலை. பதினோரு நாள் கழிச்சு என் வீட்டுக்காரி போய்ப் பாத்துத்தான் தெரிஞ்சுது. "ஏன் அத்தை சொல்லலை?"ன்னா, "டிவி பாக்கறதுக்குப் போயி காசு கேக்கறதா?"ன்னுட்டாங்க. மாடு கத்தினா போன் பண்றவங்க, தனக்குன்னு வரும்போது வாயைத் திறக்க மாட்டாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன், யாரையும் கேக்க வேண்டாத டிவிதான் அந்த வீட்டுக்கு வேணும்னு.

அப்படிப் பாத்தா நமக்கு இருக்கிற ஒரே வழி தூர்தர்ஷனோட டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல 'டிடி டைரக்ட் பிளஸ்'னு ஆரம்பிச்சாங்க, பத்து வருஷம் கழிச்சுப் பேர் மாத்தினாங்க. குடையும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கறதுதான் செலவு. அப்புறம் ரீசார்ஜ், கார்டு, ஆதார் நகல் எதுவும் கிடையாது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் இதுல வராது. அதெல்லாம் கட்டணச் சேனல். தனியார் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ல இடம் பிடிக்க ஏலம் எடுக்கணும். அப்படி எடுக்கிறதுல பெரும்பாலும் இந்திக்காரங்கதான். சேனல் நூத்துக்கு மேல வரும், அதுல தமிழ்னு எண்ணினா விரல் மிச்சம் இருக்கும். டிடி தமிழ் வரும். நாம பொதிகைன்னு சொன்னதுதான், 2024 ஜனவரியில பேர் மாறிச்சு. விவசாயத்துக்குன்னு 2015ல ஆரம்பிச்ச டிடி கிசான் வரும், ஆனா இந்தியில. படிக்கிற பசங்களுக்குப் பாடச் சேனல்கள், ஆகாசவாணி ரேடியோ இதெல்லாமும் உண்டு. தமிழ்நாட்டுக் காரங்களுக்கு இது ஓரவஞ்சனைதான். மொழிக்கு இத்தனை இடம்னு ஒதுக்கி வச்சா என்னன்னு எனக்குத் தோணுது. வரிப்பணம் நம்மளுதும்தானே.

அம்மாகிட்டயும் மறைக்கலை. "அம்மா, அந்த ராத்திரி சீரியல் இதுல வராது"ன்னேன். "அவ எந்நேரமும் அழுதுக்கிட்டுதான் கெடக்கறா. போனா போவுது"ன்னாங்க.

பாக்ஸ் வாங்கறப்ப பாக்க வேண்டியது, எம்பெக்-4 பாக்ஸா இருக்கணும். விலை கம்மின்னு பழைய எம்பெக்-2 பாக்ஸை எடுத்தா ஒரு பகுதி சேனல் வராது. அடுத்தது பின்பக்கம். அம்மா வச்சிருக்கிறது 2006 திட்டத்துல கொடுத்த 14 அங்குல கலைஞர் டிவி. இன்னும் ஓடுது, யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சட்டம். அதுல எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு ஓட்டைதான். அதனால பாக்ஸுலயும் அந்த ஏவி இணைப்பு இருக்கான்னு கடையிலயே மாட்டிப் பாத்து வாங்கினேன். புது டிவி வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. "இதுல ட்யூனர் உள்ளயே இருக்கு, பாக்ஸ் வேணாம்"னு கடைக்காரர் சொல்லுவார். எந்த ட்யூனர்னு கேளுங்க. டி2ன்னா கோபுரத்துக்கு, அது செஞ்சியில வெறும் அலங்காரம். எஸ்2ன்னா குடைக்கு, அதுதான் நமக்கு ஆகும்.

குடை 60 சென்டிமீட்டர் போதும். புதுசு வாங்க வேண்டியதே இல்லை. அந்தத் தனியார் குடையையே கழட்டி எடுத்துக்கிட்டோம். முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற மூக்கு, அதான் எல்என்பி, அதை மட்டும் யுனிவர்சல் வகையில புதுசாப் போட்டோம். பாக்ஸ், மூக்கு, ஒயர், மாட்டின கூலி எல்லாம் சேத்து எனக்கு 1,900 ரூபாய் ஆச்சு.

திசை பிடிக்கிறதுதான் இதுல சுவாரசியம். ஜிசாட்-15ன்னு ஒரு செயற்கைக்கோள், கிழக்கே 93.5 டிகிரியில, பூமத்திய ரேகைக்கு மேல நிக்குது. செஞ்சியிலிருந்து பாத்தா அது தென்கிழக்குல, தரையிலிருந்து 68 டிகிரி உயரத்துல. அதாவது தலைக்கு மேலன்னே சொல்லலாம். பங்குனி பொறந்தவுடனே காலை 11 மணி வாக்குல சூரியன் எங்க நிக்குதோ, அதுக்கு நேரா. இது சும்மா உவமை இல்லை. பங்குனி ஆரம்பத்துலயும் புரட்டாசி நடுவுலயும் சூரியன் நிஜமாவே அந்தக் கோளுக்குப் பின்னால போய் நிக்கும். அந்தச் சில நாள், 11 மணி சுமாருக்குப் படம் சில நிமிஷம் போயிட்டுத் தானா வந்துடும். போன வாரம் அம்மா அதுக்குத்தான் போன் பண்ணினாங்க. நான் செருப்பு மாட்டறதுக்குள்ள "வந்துடிச்சு, வராத"ன்னாங்க. டிவிக்காகப் போன் பண்ணினாங்களேன்னு எனக்கு சந்தோஷம்.

இவ்வளவு உயரத்துல இருக்கிறதால ராஜகிரி நமக்குக் குறுக்கே வராது. தென்கிழக்குல 10 மீட்டர் வேப்பமரம் இருந்தாக்கூட நாலு மீட்டர் தள்ளிக் குடையை வச்சா போதும், மரத்தை வெட்ட வேண்டாம். ஆனா குடையைப் பாத்தா அது 68 டிகிரிக்கு நிமிர்ந்து நிக்கிற மாதிரி தெரியாது. மூக்கு கீழே ஒதுங்கி இருக்கிற அமைப்புல, தட்டு பாக்கற இடத்துக்குச் சுமார் 25 டிகிரி மேல இருந்துதான் அலை வருது. இது தெரியாம வானத்தைப் பாத்து மல்லாத்தி வச்சிட்டு "ஒண்ணும் வரலை"ங்கறவங்க உண்டு. மாட்ட வந்த தம்பி சின்ன மீட்டர் ஒண்ணு வச்சிருந்தார். கம்பம் நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாத்துட்டு, விரல் கணக்குல நகர்த்தினார். பத்து நிமிஷம். கம்பம் சாஞ்சிருந்தா பத்து நாள் ஆனாலும் பிடிபடாது.

ஒயர் குடையிலிருந்து இறங்கி வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க. மழைத்தண்ணி ஒயரோட ஓடி உள்ள போகாம அந்தத் தொங்கல்ல சொட்டிடும். கனெக்டர் மேல ரப்பர் டேப் நல்லா சுத்துங்க. இடி மின்னல்னா பிளக்கைப் பிடுங்கறதோட பின்னால இருக்கிற குடை ஒயரையும் கழட்டிடணும். அம்மாவுக்கு அதை மட்டும் நாலு தடவை செஞ்சு காட்டினேன். அஞ்சாவது தடவை "எனக்கு மாடு கட்டத் தெரியும், இது தெரியாதா"ன்னாங்க.

கனமழையில இதுவும் நிக்கும், எல்லாக் குடைக்கும் அது உண்டு. அதனால டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்ப கரண்டும் இல்லை, போனும் எடுக்கலை. கழனியெல்லாம் ஏரி மாதிரி நின்னுது. அன்னிக்கு ரெண்டு பேட்டரி போட்ட ரேடியோதான் பேசிச்சு.

தை மாசம் மாட்டினது. இப்ப அம்மா என்ன பாக்கறாங்கன்னா, டிடி தமிழ்ல செய்தி கேக்கறாங்க. அது முடிஞ்சா ஏதோ ஒரு இந்திச் சேனல்ல கிருஷ்ணர் கதை. ஒரு வார்த்தை புரியாது. "இவன்தான் கம்சன். மூஞ்சியப் பாரு, தெரியல?"ன்னு எனக்கே விளக்கம் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தா மட்டும், மல்லாட்டை உரிச்சுக்கிட்டே மருமகளைக் கேக்கறாங்க, "அந்த அழுமூஞ்சி என்னா ஆனா?" இவளும் ஒரு வாரத்துக் கதையை ஒப்பிக்கிறா.

இப்ப ஒரே தொல்லை குரங்குதான். ஜூலையில கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைச்சுது. பிஸ்கட் பொட்டலத்தோட வர்ற கூட்டமும் ஏறிப்போச்சு. குரங்குங்க தைரியமா கழனி வரைக்கும் வருதுங்க. குடையில தொத்தி ஊஞ்சல் ஆடினா ஒரு விரக்கடை நகர்ந்தாலும் படம் போயிடும். கம்பத்தைச் சுத்தி வேலிக்காத்தான் முள்ளு கட்டியிருக்கேன், ஆடி மாசத்துல இருந்து ஏறலை. ஐப்பசி மழைக்கு முன்னாடி போல்ட்டையெல்லாம் ஒரு தடவை இறுக்கி, நட்டு மேல கொஞ்சம் கிரீஸ் தடவணும். ஸ்பேனர் மோட்டார் கொட்டாவிலயே கிடக்கு.