தோற்ற வண்டிக்கும் ஒரு சீட்!

கேம் ஆடுற பார்ட்டியா நீங்க? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குத்தான். கேம் பக்கமே போகாத ஆளா? பரவாயில்லை, ஃபைனல் இயர் புராஜெக்ட்னு ஒண்ணு உங்களுக்கும் இருக்கும்ல... வாங்க, உட்காருங்க!

'வார் தண்டர்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம். 2012-ல் விமானச் சண்டையாக ஆரம்பித்தது. 2014-ல் டாங்கிகளும் சேர்ந்துகொண்டன. அதில் என்னோட ஃபேவரைட், 'எம்247 சார்ஜென்ட் யார்க்' என்கிற அமெரிக்க விமான எதிர்ப்பு வண்டி. இரண்டு 40 மி.மீ. பீரங்கி, தலைக்கு மேல் ரேடார். குண்டு விமானத்தின் மேல் படக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே வெடித்துவிடும். ரேடார் எதிரியைப் பிடித்துவிட்டால், எங்கே சுடணும்னு திரையில் புள்ளி வைத்துக் காட்டும். நீங்க பட்டனை அமுக்கினால் போதும்... ஹெலிகாப்டர் காலி!

இவ்வளவு கில்லியான வண்டி எந்தப் போரில் கலக்கியது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை!

கதை இதுதான். சோவியத் ஹெலிகாப்டர்களைச் சமாளிக்க ஒரு வண்டி தேவைப்பட்டது அமெரிக்க ராணுவத்துக்கு. 1978-ல் ஃபோர்டு ஏரோஸ்பேஸ், ஜெனரல் டைனமிக்ஸ் இரண்டு கம்பெனிகளிடமும் மாதிரி வண்டி கேட்டார்கள். இரண்டுமே பழைய எம்48 டாங்கியின் அடிப்பாகத்தில்தான் வந்து நின்றன. ஃபோர்டு வண்டியில் 40 மி.மீ. பீரங்கி, மற்றதில் 35 மி.மீ. 1981-ல் ஃபோர்டு ஜெயித்தது.

அப்புறம்தான் சோதனை. ஃபோர்டு வண்டியின் ரேடார், எஃப்-16 விமானத்தின் ரேடாரிலிருந்து உருவாக்கியது. வானத்தில் பறக்கும்போது சமர்த்தாக இருந்த சமாச்சாரம், தரைக்கு வந்ததும் மரம், கட்டடம் எல்லாவற்றையும் பார்த்துக் குழம்பியது. கழிவறையின் மின்விசிறியை ஹெலிகாப்டர் என்று நினைத்துக் குறிவைத்தது என்றுகூட ஒரு கதை பரவியது. 'அது ஓவர் பில்டப்' என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால், கூடவே ஓட வேண்டிய எம்1 ஆப்ராம்ஸ் டாங்கிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழைய எம்48 உடம்பு திணறியது நிஜம். அதற்குள் ஹெலிகாப்டர் ஏவுகணைகளும் இந்தப் பீரங்கி எட்டாத தூரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஆகஸ்ட் 1985-ல் பாதுகாப்புத் துறைச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர், 'போதும்' என்று திட்டத்துக்கு மூடுவிழா நடத்தினார். அதற்குள் செலவானது சுமார் 180 கோடி டாலர். 600-க்கு மேல் செய்ய நினைத்தது, ஐம்பதோடு நின்றது.

அப்புறம் எப்படி கேமில் மட்டும் இந்த வண்டி சூரப்புலி?

ஒரு வண்டியை கேமில் சேர்க்கணும்னா எண்கள் வேண்டும். கவசம் எத்தனை மி.மீ., குண்டின் வேகம் என்ன, ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும்... இதையெல்லாம் கையேடுகளிலிருந்து எடுத்துத்தான் வண்டிக்கு உயிர் கொடுக்கிறார்கள். யாரோடு மோதவிடணும்னு ஒரு ரேட்டிங்கும் போடுகிறார்கள். ஆனால், 'மரத்தைப் பார்த்தால் குழம்பிவிடும்' என்று எந்தக் கையேடாவது எழுதுமா? போருக்குப் போன வண்டிக்காவது வீரர்கள் திட்டித் தீர்த்த குறிப்புகள் இருக்கும். போருக்கே போகாத வண்டிக்கு, செய்தவர்கள் சொன்ன கணக்குதான் பெரும்பாலும் மிச்சம்.

இதைவிட தமாஷ் ஒன்று இருக்கிறது. 'கோலியன்' என்று இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் வண்டி. பாந்தர் டாங்கி மேல் இரட்டை 37 மி.மீ. பீரங்கி வைப்பதாகத் திட்டம். மாதிரிக்கு மரத்தில் செய்து பார்த்ததோடு சரி. கேமிலோ அது இரும்பு வண்டியாகவே உறுமிக்கொண்டிருந்தது! 2019-ல் கேம்காரர்களே புதியவர்களுக்குக் கிடைக்காதபடி அதை ஒதுக்கிவைத்தார்கள். நல்ல முடிவு என்பேன் நான். தோற்ற வண்டிக்கு தாராளமாக சீட் கொடுக்கலாம், பிறக்காத வண்டிக்குக் கொடுத்தால், பிறந்து அடிபட்டதற்கு என்ன மரியாதை?

எண்களை நாம் எவ்வளவு நம்புகிறோம் தெரியுமா? 2021-ல், 'கேமில் சேலஞ்சர் 2 டாங்கி சரியில்லை' என்று நிரூபிக்க, அதன் ராணுவக் கையேட்டுப் பக்கங்களையே வெளியே விட்டார் ஒருவர். கையேட்டில் இருந்துவிட்டால் அது நிஜம் என்று அவ்வளவு நம்பிக்கை!

இனி உங்க புராஜெக்டுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் '95 சதவிகிதம் துல்லியம்' என்று அழகாக டைப் அடித்திருப்பீர்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால், ஃபேனை ஆஃப் பண்ணி, ஜன்னலைச் சாத்தி, ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீர்கள். மார்க்கும் விழும். தப்பில்லை. ஆனால், ஃபேன் சுற்றினால் என்ன ஆகும் என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவையுங்களேன். அடுத்த வருஷம் அதை எடுத்துச் செய்யப்போகிற ஜூனியருக்கு, உங்க 95-ஐவிட அந்த ஒரு வரிதான் உதவும்.

மிச்சமிருந்த யார்க் வண்டிகளில் பல, சுட்டுப் பழகும் மைதானங்களில் இலக்காக நிறுத்தப்பட்டன. ஒன்று டென்னசி மாநிலத்தில், ஆல்வின் யார்க் நினைவுப் பூங்காவில் நிற்கிறது. 1918-ல் 132 ஜெர்மன் வீரர்களைச் சிறைபிடித்த நிஜ சார்ஜென்ட் யார்க் அவர்தான். பாவம், அவர் பெயரை வைத்தால் மட்டும் வண்டி ஜெயித்துவிடுமா என்ன?